எழுதிச் சேர்ந்த சங்கம்

வடலூர் என்றதும் எவருக்கும் முதலில் நினைவில் வருவது அடுப்பு. பிரபவ ஆண்டு வைகாசி 11, வியாழக்கிழமை, அதாவது 1867 மே 23 அன்று தருமச்சாலையில் மூட்டிய அந்த அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அடுத்து நினைவில் வருவது சபை: எண்கோணக் கட்டடம், ஏழு திரை, தைப்பூசத்து ஜோதி. சன்மார்க்க மலர்கள் எதை எடுத்தாலும் இவ்விரண்டைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக இருக்கும். அதில் தவறில்லை. ஆனால் சாலைக்கும் சபைக்கும் முன்னால் நடந்த ஒரு வேலை உண்டு. அது எழுத்து வேலை. ஒருவர் பாடிப் பாடி விட்டுவிட்டுப் போன பாட்டுகளை வேறு சிலர் தேடினார்கள், படியெடுத்தார்கள், தரச்சொல்லிக் கடிதம் எழுதிக் கெஞ்சினார்கள், கடைசியில் அச்சேற்றினார்கள். அந்த வேலைக்காகக் கூடியவர்களே பின்னால் சங்கத்தார் ஆனார்கள். நம் அமைப்பின் வரலாற்றை அடுப்பிலிருந்து தொடங்காமல் தபாலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

வள்ளல் பெருமான் இராமலிங்கர் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தவர். வளர்ந்தது சென்னை ஏழுகிணற்றில், வீராசாமிப் பிள்ளைத் தெருவில். அந்தச் சென்னையை மனத்தில் கொள்ளாமல் அவரைப் புரிந்துகொள்ள முடியாது. இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்தலாம் என்று 1835இல் சட்டம் தளர்ந்த பிறகு, ஏட்டில் கிடந்த தமிழ் நூல்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அச்சுக்கு வந்துகொண்டிருந்த நகரம் அது. புலவர்கள் காலையில் பாடம் சொல்லிவிட்டு மாலையில் புரூப் பார்த்தார்கள். இளம் இராமலிங்கரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். 1851இல் ‘ஒழிவிலொடுக்கம்’, 1855இல் ‘தொண்டமண்டல சதகம்’, 1857இல் ‘சின்மய தீபிகை’ என்று மூன்று நூல்களை அவரே பதிப்பித்திருக்கிறார். மூன்றும் பிறர் எழுதியவை.

அச்சகத்தின் வாசல் தெரியாத துறவி அல்லர் அவர். தாள், மை, பாடபேதம் எல்லாம் அறிந்த பதிப்பாசிரியர். அப்படிப்பட்டவர் கந்தகோட்டத்திலும் திருவொற்றியூரிலும் தாம் பாடிய ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒரு பதிகத்தையாவது தொகுத்து அச்சிட முனையவில்லை. எழுதுவது அவருக்குத் தெய்வத்தின் முன்னே நிற்பது. எழுதி முடித்ததும் அந்தக் காரியம் முடிந்துவிட்டது. அதைச் சேமித்து வைப்பது வேறு யாருடைய கவலையோ.

அந்தக் கவலையைத் தலையில் ஏற்றவர்கள் சிலர். தொழுவூர் வேலாயுத முதலியாரைப் பற்றி ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1849இல் அவர் முதன்முறை பெருமானைப் பார்க்கப் போனபோது, தாமே சங்க நடையில் பாட்டுகள் கட்டி, பழைய ஏட்டில் கிடைத்தவை என்று சொல்லி நீட்டினாராம். பெருமான் படித்துப் பார்த்துவிட்டு, இவை சங்கப் புலவர் வாக்கல்ல, இலக்கணம் கற்றுத் தேறாத யாரோ செய்தவை என்றாராம். சோதிக்கப் போனவர் சீடராகிவிட்டார். பிற்காலத்தில் சென்னை மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் இவர். இந்தக் கதை எழுத்துக்கு எழுத்து உண்மையா என்று நான் வாதாட வரவில்லை. ஒரு ஆன்மிக உறவு பாடபேத ஆராய்ச்சியில் தொடங்கியதாக நம் முன்னோர் சொல்லிவைத்தார்களே, அதுதான் கவனிக்க வேண்டியது.

1858இல் பெருமான் சென்னையை விட்டுச் சிதம்பரம் பக்கம் போனார். வடலூருக்கு அருகில் உள்ள கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். 1867 வரை அதுவே அவர் இருப்பிடம். விளக்கில் தண்ணீர் எரிந்தது என்று சொல்லப்படுவதும் இந்த வீட்டில்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றினார் என்பது கதை. அற்புதத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும் ஒரு செய்தி எஞ்சுகிறது: இரவெல்லாம் விளக்கு வைத்துக்கொண்டு எழுதிய மனிதராகத்தான் ஊர் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

அவர் கருங்குழியில், அன்பர்கள் சென்னையில். இடையே கடிதம்தான் பாலம். இந்தப் பிரிவு வாய்க்காமல் அவர் ஏழுகிணற்றிலேயே இருந்திருந்தால் அன்பர்கள் நேரில் வந்து பேசிவிட்டுப் போயிருப்பார்கள். நம் கையில் ஒரு காகிதமும் இருந்திராது. இறுக்கம் இரத்தின முதலியாருக்கும் புதுவை வேலு முதலியாருக்கும் பிறருக்கும் அவர் எழுதிய கடிதங்கள் இன்று அச்சில் கிடைக்கின்றன. உபதேசம் கேட்கலாம் என்று அவற்றைத் திறப்பவர் சற்று ஏமாந்துபோவார். நலம் விசாரிப்பு, உடம்புக்கு மருந்து, வரத் தாமதமானதற்குச் சமாதானம், பிறகு எல்லோருக்கும் ஆசி. ஒரு குடும்பத்துப் பெரியவர் எழுதுவது போலத்தான் இருக்கும். அந்தச் சாதாரணத்தில்தான் சங்கத்தின் வேர் இருக்கிறது.

அந்தக் கடிதங்களில் ஒன்று 1860ஆம் ஆண்டின் முடிவில் எழுதப்பட்டது. பாட்டுகளையெல்லாம் அனுப்பிவையுங்கள், அச்சிட வேண்டும் என்று இரத்தின முதலியார் பலமுறை கேட்டும் பலனில்லை. கடைசியில் அவர் ஒரு விரதம் எடுத்தார்: பாட்டுப் பொதி தம் கைக்கு வந்து சேரும்வரை நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு. இது கருங்குழிக்குத் தெரிந்ததும் பெருமான் பதறிப்போனார். இப்படிச் செய்ய வேண்டாம், இரு வேளையும் சாப்பிடுங்கள், பாட்டுகளை அனுப்பிவைக்கிறேன் என்று எழுதினார். பிற்காலத்தில் பசியைத் தீர்ப்பதே முதல் தருமம் என்று அடுப்பு மூட்டப்போகிறவரிடம், தாம் பசித்திருந்து பாட்டு வாங்கியிருக்கிறார் ஓர் அன்பர்! எந்த இடத்தில் தொட்டால் அவர் இணங்குவார் என்று இரத்தின முதலியாருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

விரதத்தால் எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. பாட்டுகள் பல இடங்களில் பல கைகளில் இருந்தன. வாங்கிச் சேர்ப்பதும் படியெடுப்பதும் ஒத்துப்பார்ப்பதுமாக ஆண்டுகள் ஓடின. இரத்தின முதலியார், சிவானந்தபுரம் செல்வராய முதலியார், வேலு முதலியார், வேலாயுத முதலியார் என்று ஒரு சிறு குழு இதற்காகவே ஒன்றுபட்டு நின்றது. இந்த வேலை நடந்துகொண்டிருந்த 1865இல்தான் சமரச வேத சன்மார்க்க சங்கம் தொடங்கப்பட்டது. வரிசையைக் கவனியுங்கள்: பாட்டுக் கேட்டு விரதம் 1860இல், சங்கம் 1865இல். முதலில் விதி எழுதி, உறுப்பினர் சேர்த்து, பிறகு என்ன வேலை செய்யலாம் என்று யோசித்த சங்கம் அல்ல இது. வேலை முதலில் வந்தது, ஆட்கள் அதைச் சுற்றிச் சேர்ந்தார்கள், பெயர் பிறகு வந்தது. இன்று கிளைச் சங்கம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் ரப்பர் ஸ்டாம்பு செய்யப் போகிறார்கள். அவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பதிப்பு முற்றும் தறுவாயில் இன்னொரு சிக்கல் எழுந்தது. நூலாசிரியர் பெயரை எப்படிப் போடுவது? சாமி என்று போடுவதற்குப் பெருமான் உடன்படவில்லை. அது ஆரவாரமாகத் தோன்றுகிறது, வேண்டாம் என்று கடிதத்திலேயே கண்டித்து எழுதினார். அவர் கையெழுத்துப் போடுவது சிதம்பரம் இராமலிங்கம் என்று மட்டும்தான். அன்பர்கள் சாமியை விட்டார்கள். ஆனால் சும்மா இருக்கவில்லை. திருவருட்பிரகாச வள்ளலார் என்று ஒரு பெரும் பெயரை முன்னால் சேர்த்தே அச்சிட்டார்கள். அவருக்கு அதுவும் பிடிக்கவில்லை என்பார்கள். தொண்டர்கள் தலைவரை மீறுவது நம் நாட்டில் பழைய வழக்கம். இந்த ஒரு மீறலை மன்னித்துவிடலாம் என்று தோன்றுகிறது, அந்தப் பெயர் இல்லாமல் இன்று நமக்கு அவரை அழைக்கவே தெரியாது.

1867 பிப்ரவரியில் அந்தப் பாட்டுகள் திருவருட்பா என்ற பெயரில், முதல் நான்கு திருமுறைகளாகச் சென்னையில் வெளிவந்தன. பாட்டுகளை ஆறு திருமுறையாக வகுத்தவர் வேலாயுத முதலியார். அதே ஆண்டுத் தொடக்கத்தில் பார்வதிபுரத்து ஊரார் சேர்ந்து எண்பது காணி நிலத்தை இனாமாக எழுதிக் கொடுத்தார்கள். இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்கு மேல். வைகாசியில் சாலை திறந்தது. நூல், பத்திரம், அடுப்பு மூன்றும் நாலைந்து மாத இடைவெளிக்குள் வந்தவை. ஏழாண்டு சேர்ந்து ஒரு நூலை முடித்த ஆட்கள் கைக்கு இருந்ததால்தான் அடுத்த காரியத்தைப் பெருமான் துணிந்து தொடங்கினார் என்பது என் கணிப்பு. புத்தகம் போட்ட அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்: பணம் திரட்டுவது, கணக்கு வைப்பது, சொன்ன தேதிக்கு முடிப்பது, கோபித்துக்கொண்டவரைச் சமாதானம் செய்வது எல்லாம் அதில் பழகிவிடும். அன்னதானத்துக்கும் அதேதான் வேண்டும்.

சாலை திறந்த அன்று சோறு மட்டும் பரிமாறப்படவில்லை. ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ என்ற உரைநடை வாசிக்கப்பட்டது. 1854இல் அவர் எழுதிய ‘மனுமுறை கண்ட வாசக’த்தோடு ஒப்பிட்டால் நடை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது தெரியும். முன்னது அடுக்குமொழி, கேட்க இனிமை. பின்னது தருக்கம். கேள்வியை அவரே எழுப்புகிறார், அவரே விடை தருகிறார். பசி வந்தால் ஓர் உடம்புக்கு என்னென்ன ஆகிறது என்று அங்கம் அங்கமாகச் சொல்லிக்கொண்டு போகிறார்: அறிவு மயங்குவது, கண் குழிவது, காது அடைப்பது, கால் தளர்வது. உண்ட பிறகு அவை ஒவ்வொன்றாகத் திரும்புவதையும் அதே பொறுமையோடு எழுதுகிறார். பசித்தவனை அருகில் உட்கார்ந்து பார்த்த ஒருவரால் மட்டுமே முடிகிற எழுத்து. தமிழ் உரைநடை வரலாறு எழுதுகிறவர்கள் இதற்கு இன்னும் உரிய இடம் தரவில்லை.

எழுத்து அவருக்கு எப்படி வழிபாடாக இருந்தது என்பதற்கு இங்கே ஒரு வார்த்தை. அவர் பதிகத் தலைப்புகளைப் பார்த்தால் விண்ணப்பம் என்ற சொல் திரும்பத் திரும்ப வரும். பிள்ளைச் சிறு விண்ணப்பம், பிள்ளைப் பெரு விண்ணப்பம், உரைநடையில் சத்தியச் சிறு விண்ணப்பம், சத்தியப் பெரு விண்ணப்பம். கலெக்டர் கச்சேரிக்கு ஊர் ஊராக மனு எழுதிய நூற்றாண்டு அது. மனுவில் அலங்காரம் செல்லாது. யார், எந்த ஊர், என்ன குறை, என்ன வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். பிள்ளைப் பெரு விண்ணப்பத்தில் அவர் செய்வதும் அதுவே. பிறர் பசியைக் கண்டபோதும் நோயைக் கேட்டபோதும் தாம் நடுங்கியதை, தெருவில் ஒரு சத்தம் கேட்டால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்ததை, ஒன்று விடாமல் எழுதிக் கொடுக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பயிரைப் பற்றிய பாட்டும் இதன் ஒரு பகுதிதான். தனியே எடுத்துச் சுவரில் எழுதினால் அது பொன்மொழி. விண்ணப்பத்துக்குள் வைத்துப் படித்தால் அது ஒரு மனிதரின் வாக்குமூலம். இரண்டாவது முறையில் படிக்கும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நூல் வந்ததும் சண்டையும் வந்தது. திருமுறை, அருட்பா என்ற பெயர்களை இதற்கு வைக்கலாமா என்று ஆறுமுக நாவலர் எதிர்த்தார். 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை விவகாரம் போனது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மறுபடி கிளம்பியபோது, அருட்பாவின் பக்கம் நின்று மேடைமேடையாகப் பேசியவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் என்ற இசுலாமியப் புலவர். இந்தச் சண்டையின் முழுக் கதை வேறு நூல்களில் இருக்கிறது. இங்கு வேண்டியதில்லை.

1872 நம் ஆவணங்களில் மிகக் கனமான ஆண்டு. தை 13, ஜனவரி 25, பூசத்தன்று சபையில் ஜோதி தரிசனம் தொடங்கியது. ஏப்ரல் 18 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் 1596 அடி கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவல் எழுதி முடிந்தது. ஒரே இரவில் எழுதியது என்பது மரபு. அவர் கையெழுத்துப் படி பாதுகாக்கப்பட்டு, நிழற்படமாகவும் அச்சாகியிருக்கிறது. ஜூலை 18 அன்று ஒரு கட்டளை எழுதுகிறார். அதில்தான் சங்கம், சாலை, சபை மூன்றின் பெயர்களும் சமரச சுத்த சன்மார்க்க என்று மாறுகின்றன. சபையில் விளக்கேற்றுபவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட சிறுவராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்ட முதியவராகவோ இருக்க வேண்டும் என்று விதிப்பதும் இந்தச் சமயத்தில்தான். நவம்பர் 25 அன்று சபை விளம்பரம் வருகிறது. நாம் அகவலைத் தலையில் வைக்கிறோம், கட்டளைகளைக் கோப்பில் வைக்கிறோம். எழுதியவர் அப்படிப் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இறைவனுக்கு எழுதிய கையே விளக்குத் திரியைப் பற்றியும் எழுதியது.

1873 அக்டோபர் 22 அன்று சித்திவளாகத்தில் கொடி ஏறியது. அன்று நிகழ்ந்த பேருபதேசம் அவர் பேச்சு. அன்பர்கள் குறித்துவைத்ததால் நமக்குக் கிடைத்தது. 1874 ஜனவரி 30 அன்று அவர் அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டார்.

தலைவர் மறைந்த பிறகு ஓர் அமைப்பு எப்படி நிற்கும் என்பதுதான் நிறுவன வரலாற்றில் உண்மையான கேள்வி. வடலூரில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மற்ற ஊர்களில் இருந்தவர்களுக்கு? அவர்களைச் சேர்த்துப் பிடித்தது நூல்தான். ஐந்தாம் திருமுறை 1880இல் வந்தது, ஆறாம் திருமுறை 1885இல். ஆறாவதை அச்சிட வேலாயுத முதலியார் தயங்கியதைக் குறை சொல்வோர் உண்டு. சாதியும் சமயமும் பொய் என்று வெளிப்படையாகப் பேசும் திருமுறை அது. முதல் நான்குக்கே கோர்ட்டுப் படி ஏற வேண்டியிருந்ததைக் கண்ணால் கண்டவர் தயங்காமல் என்ன செய்வார்? அவர் அதை மறைக்கவில்லை, காலம் பார்த்தார். எனக்கு அது குறையாகப் படவில்லை.

பதிப்பாளர்களில் நான் தலைமேல் வைப்பது ஆ. பாலகிருஷ்ண பிள்ளையை. அறநிலையத் துறையில் பணியாற்றிய அவர் 1931 தொடங்கி 1958 வரை அருட்பாவைப் பன்னிரண்டு பகுதிகளாகக் கொண்டுவந்தார். இருபத்தேழு ஆண்டு! மூல ஏடுகளைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டதோடு, பாட்டு மட்டும் போதும் என்று நிற்காமல் கடிதம், விளம்பரம், மருத்துவக் குறிப்பு, அழைப்பு எல்லாவற்றையும் அச்சில் ஏற்றினார். அவர் அப்படிச் செய்திராவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு ஆதாரமே இல்லை. 1972இல் ஊரன் அடிகள் பாட்டுகளைக் கால வரிசையில் அமைத்துப் பதிப்பித்தார். ம.பொ.சி.யின் ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ 1966இல் சாகித்திய அகாதமி பரிசு பெற்றதும் சங்கத்துக்கு வெளியே இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். 2021இல் தமிழக அரசு அக்டோபர் 5ஐத் தனிப்பெருங்கருணை நாள் என்று அறிவித்தது நாம் அறிந்ததே.

இவர்கள் பெயர் தெரிந்தவர்கள். பெயர் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். புத்தகம் வாங்க முடியாத காலத்தில் அகவலைக் கோடு போட்ட நோட்டில் முழுவதும் எழுதி வைத்துக்கொண்டு பாராயணம் செய்த பெண்கள். பூசத்துக்குப் பூசம் அரிசி தந்தவர் பெயரை வரிசையாகக் குறித்த கணக்குப்பிள்ளைகள். தலைப்பில் மகாமந்திரம் இட்டு அழைப்பிதழ் அடித்துத் தபாலில் சேர்த்த செயலாளர்கள். கிளைச் சங்கங்களின் உண்மையான வரலாறு அந்த நோட்டுகளில்தான் இருக்கிறது. ஒரு ஊரில் எந்த ஆண்டு எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எந்தத் தெருவிலிருந்து முதன்முதலாகப் பந்திக்கு வந்தார்கள் என்பதை வேறு எந்தப் புத்தகமும் சொல்லாது.

ஆகவே இந்த மலரைக் கையில் எடுத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ சங்கத்து பீரோவிலோ பழைய அருட்பாப் பதிப்பு, கையெழுத்துப் படி, அன்னதானக் கணக்கு நோட்டு, கடிதக் கட்டு எது இருந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். அழகாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவிடவும் வேண்டாம். ரப்பர் பேண்டு போட்டு இறுக்கவும் வேண்டாம். வெளிச்சத்தில் வைத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். வீட்டில் வைத்துக் காக்க முடியாதென்றால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் கேளுங்கள். அதற்கு முன், யார் எழுதியது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று தெரிந்த அளவுக்கு ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.